மஞ்சள் கடுதாசியும் பிளாஸ்டிக் அட்டையும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வியாபாரி கடனில் மூழ்கிவிட்டால், "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்பார்கள். "ஐ.பி. போட்டுவிட்டார்" என்று சொல்வதும் அதையேதான். சிறு வயதில் என் அப்பாவுடன் கோவில்பட்டிக்குப் போயிருந்தபோது, பூட்டிக் கிடந்த ஒரு ஜவுளிக் கடையைக் காட்டி அவர் இதைச் சொன்னது நினைவிருக்கிறது. ஏதோ சாவுச் செய்தி சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அதே வார்த்தையை ஐம்பது வருடம் கழித்து, 2020 டிசம்பரில், காட்கோபர் பந்த் நகரில் என் வீட்டுக் கூடத்திலேயே கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. சொன்னவர் என் மனைவியின் தம்பி.

"அத்தான், பேசாம மஞ்சக் கடுதாசி குடுத்துருவமா?"

மலருக்குக் கட்டுரை கேட்ட நமது சங்கச் செயலாளர், நான் ரயில் பாதைகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தார். மத்திய ரயில்வேயில் 38 ஆண்டுகள் தண்டவாளத்தோடு குடும்பம் நடத்தியவன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? ஆனால் கடந்த ஐந்து ஆண்டுகளில் நான் அதிகம் படித்தது தண்டவாளத்தைப் பற்றி அல்ல, கிரெடிட் கார்டைப் பற்றி. என் மைத்துனரும் "பேர் மட்டும் போடாதீங்க, மத்ததை எழுதுங்க, நாலு பேருக்கு உதவும்" என்று அனுமதி கொடுத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

அவர் சாகிநாக்காவில் இரண்டு சிறு தொழிற்சாலைகளுக்கு கேண்டீன் நடத்திவந்தார். காலையில் இட்லி, உப்புமா, மதியம் சாப்பாடு. நல்ல கைப்பக்குவம், நாணயமான மனிதர். மளிகைக்கும் கியாசுக்கும் மூன்று கிரெடிட் கார்டுகளை மாற்றி மாற்றித் தேய்ப்பார். தொழிற்சாலைக்காரர்கள் இரண்டு மாதம் தாமதித்துப் பணம் கொடுப்பார்கள். அந்த இடைவெளியைக் கார்டு நிரப்பும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அடுப்பு அணைந்தபோது மூன்று கார்டுகளிலும் சேர்த்து 3,80,000 ரூபாய் பாக்கி.

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, தவணை கட்ட மூன்று மாதம் அவகாசம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. கார்டு பாக்கிக்கும் அது பொருந்தும். அவகாசம் என்றால் வட்டியும் நிற்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவருடைய கார்டுகளில் மாதம் மூன்றரை சதவிகிதம். 3,80,000-க்கு மாத வட்டி 13,300. அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 2,394. ஆக, ஒரு பைசா கடன் குறையாமல், இருந்த இடத்திலேயே நிற்பதற்கு மட்டும் மாதம் 15,694 ரூபாய் வேண்டும். செப்டம்பர் ஸ்டேட்மெண்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது பாக்கி 4,65,000-ஐ நெருங்கியிருந்தது. வட்டிக்கு வட்டி போட்டதை மட்டும் அரசாங்கம் பிறகு திருப்பிக் கொடுத்தது. அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

டிசம்பருக்குள் வசூல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கூடப் போன் வரும். பக்கத்து அறைக்காரரிடம் விசாரிப்பார்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது, மூன்றாம் மனிதர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கண்டிப்பாக எழுதியிருக்கிறது. அன்று அந்த ஆட்களிடம் சட்டம் பேச எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நிலையில்தான் மைத்துனர் மஞ்சள் கடுதாசிப் பேச்சை எடுத்தார்.

கோட்டைப் பகுதியில் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் சொல்லித்தான், பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களுக்கும் திவால் சட்டம் 1909-ல் எழுதியது, மற்ற ஊர்களுக்கு 1920-ல் எழுதியது என்பது தெரிந்தது. 1909 என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த இடிபாட்டிலிருந்துதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் போன்றவர்களின் முயற்சியில் 1907-ல் இந்தியன் வங்கி எழுந்தது. பெரியவர்கள் விழுந்தால் ஊருக்கே ஒரு பாங்கு கிடைக்கிறது! கேண்டீன்காரர் விழுந்தால் என்ன கிடைக்கும் என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சட்டப்படி உயர்நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். சொத்தெல்லாம் அஃபிஷியல் அசைனி என்ற அதிகாரியின் கைக்குப் போகும். தொழில் கருவி, துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம் ஆகியவற்றில் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புள்ளவை மட்டும் குடும்பத்துக்கு மிஞ்சும் என்று 1909-ல் எழுதி வைத்தார்கள். இன்னொரு பிரிவு இருக்கிறது, அதுதான் எங்களை யோசிக்க வைத்தது. திவாலாகி, கோர்ட்டில் விடுதலை பெறாதவர் அந்த விஷயத்தைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. ஐம்பது ரூபாய்! காட்கோபர் ஸ்டேஷன் வாசலில் குடும்பத்தோடு வடாபாவ் சாப்பிட அது போதாது. 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனி மனிதர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. ஆனால் 2019 டிசம்பரில் அது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே அமலுக்கு வந்தது. "இந்தக் கடனுக்கு இந்த வழி வேண்டாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள்" என்று வக்கீல் சொல்லி, பாங்குகளிடம் பேசச் சொன்னார்.

பேசினோம். பேசியவன் நான். இங்கேதான் என் தவறு வருகிறது.

சின்னக் கார்டுகள் இரண்டையும் பாத்திரம், கிரைண்டர் விற்ற பணத்தாலும் சீட்டுப் பணத்தாலும் பாதி அடைத்தார். மீதியைத் தவணையாகப் பிரித்து 2022 கடைசிக்குள் முழுவதும் கட்டி முடித்தார். பெரிய கார்டு மட்டும் 2,75,000 ரூபாயில் நின்றது. நான் 2021 ஏப்ரலில் ஓய்வு பெற்றேன். கையில் பணம் வந்திருந்தது. காண்ட்ராக்டர்களோடு ஜல்லிக்கும் ஸ்லீப்பருக்கும் பேரம் பேசிப் பழகிய வாய். பாங்கின் வசூல் பிரிவோடு மூன்று வாரம் போனில் பேசி, ஒரே தடவையில் 1,10,000 கட்டினால் கணக்கை 'செட்டில்' செய்வதாக எழுத்தில் வாங்கினேன். பணத்தை நானே கட்டினேன். 1,65,000 ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி அன்று கேசரி கிளறினாள்.

இரண்டு வருடம் கழித்து, 2023 ஜூலையில் மைத்துனரின் மகளுக்கு நவி மும்பையில் பி.ஃபார்ம். இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு ஒரு பாங்குக்குப் போனோம். தகப்பனாரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். மேலாளர் அவருடைய பான் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஸ்கோர் 561. கீழே சிவப்பு எழுத்தில், பெரிய கார்டின் கணக்குக்கு எதிரே 'செட்டில்டு' என்றும், பாங்கு தள்ளுபடி செய்த தொகை 1,65,000 என்றும் இருந்தது. நான் மிச்சம் பிடித்த அதே தொகை. மைத்துனர் மேலாளரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது அந்தப் பெண் கேட்டாள்: "மாமா, செட்டில்னா முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?"

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். பாங்கின் அகராதியில் 'குளோஸ்டு' என்றால்தான் முழுவதும் கட்டி முடித்தவர். 'செட்டில்டு' என்றால், இவர் எங்களுக்குக் குறைத்துக் கொடுத்தார், மீதியை நாங்கள் நஷ்டக் கணக்கில் எழுதினோம் என்று பொருள். அடுத்து வரும் எல்லாப் பாங்குகளுக்கும் எழுதி வைத்த குறிப்பு அது. எழுத்தில் வாங்கினேனே தவிர, எந்த வார்த்தையை எழுதுகிறார்கள் என்று பார்க்கவில்லை. சிபில் ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று அந்த வருடம் மே மாதம்தான் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எனக்கு அது பின்னால்தான் தெரிய வந்தது. கட்டணம் கட்டப் பத்து நாள்தான் கெடு. என் மனைவி மறு பேச்சில்லாமல் நாலு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். நகைக் கடன் கொடுக்கிறவர்கள் ஸ்கோரைவிட மாற்றைத்தான் பார்ப்பார்கள். முதல் வருடக் கட்டணம் அப்படித்தான் போனது.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். நம் கடன் வரலாற்றை வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவில் நான்கு. 2000-ல் இங்கே மும்பையில் தொடங்கிய சிபில், மற்றும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஸ்கோர் 300-ல் தொடங்கி 900-ல் முடியும். ஆனால் அந்த எண்ணைவிட உள்ளே இருக்கும் கட்டங்கள்தான் முக்கியம். சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் 36 மாதத்துக்குக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் கெடுவுக்குள் கட்டினார். 030 என்றால் முப்பது நாள் தாமதம். 090 என்றால் ஆபத்து. பாதையை அளக்கும் வண்டி ஓடிய பிறகு எங்களுக்கு ஒரு வரைபடம் வரும், எந்த கிலோமீட்டரில் தண்டவாளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று காட்டும். இதுவும் அதே ஜாதிதான். படிக்கத் தெரிந்தவனுக்கு எங்கே மண் போயிற்று என்று புரிந்துவிடும்.

நாங்கள் முதலில் செய்தது, தள்ளுபடியான 1,65,000-ஐக் கட்டியது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. "பாங்கே வேண்டாம்னு விட்டதை யாராவது தேடிப்போய்க் கட்டுவாங்களா?" என்றார் நம் சங்கத்து நண்பர் ஒருவர். பாதியை மைத்துனர் கட்டினார், இப்போது அவர் ஒரு பெரிய கேட்டரிங் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். மறு பாதியை நான் கட்டினேன், என் ஆலோசனைக்கு நானே கட்டிய அபராதமாக. 2024 மே மாதம் பணம் செலுத்தி, பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம் வாங்கினோம். அப்படியும் ஜூலையில் அறிக்கை எடுத்துப் பார்த்தால் 'செட்டில்டு' அப்படியே உட்கார்ந்திருந்தது. முறைப்படி புகார் பதிந்தோம். புகார் செய்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவு போட்டு, 2024 ஏப்ரலிலிருந்து அமலாக்கியிருந்தது. எங்களுக்கு 41-ம் நாள் திருத்தம் வந்தது. 1,100 ரூபாயும் வந்தது. மைத்துனர் அதை எடுத்துக்கொண்டு வந்து என் மனைவியிடம் கொடுத்தார். வளையல் வட்டிக்காம்.

அழித்தால் மட்டும் போதாது, புதிதாக நல்லது எழுத வேண்டும். கடனே வாங்காமல் ஒதுங்கி இருந்தால் பெயர் தானாகச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். புதிய கட்டங்களில் எதுவும் விழாவிட்டால் பாங்குக்காரர் பழையதைத்தான் பார்ப்பார். அமெரிக்காவில் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் திவாலானால் அந்தக் குறிப்பு பத்து ஆண்டு வரை நிற்கும். அங்கேயும் விழுந்தவர்கள் முன்பணம் கட்டி ஒரு சிறிய கார்டு வாங்கித்தான் மறுபடி தொடங்குகிறார்கள் என்று அங்கிருக்கும் என் மகன் சொன்னான். இங்கும் அந்த வழி உண்டு. பல பாங்குகள் பிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துக்கொண்டு கார்டு கொடுக்கின்றன. 2024 அக்டோபரில் மைத்துனர் 25,000 ரூபாய் டெபாசிட் போட்டு, 20,000 ரூபாய் வரம்புள்ள கார்டு ஒன்று வாங்கினார். டெபாசிட்டுக்கு வட்டி தனியாக வந்துகொண்டிருக்கும்.

கார்டு கைக்கு வந்த அன்று அவருடைய கை லேசாக நடுங்கியதைப் பார்த்தேன். 2005 ஜூலை 26 மழை அன்பர்களுக்கு மறந்திருக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். குர்லா, சயான் பக்கம் பாதை தண்ணீருக்கடியில் போயிற்று. தண்ணீர் வடிந்து, அரித்துப்போன ஜல்லியை நிரப்பிவிட்டால், உடனே வண்டிகள் பழைய வேகத்தில் ஓடுமா? டிரைவருக்கு 'காஷன் ஆர்டர்' கொடுப்போம். முதலில் ஆள் நடக்கும் வேகம். வண்டிகள் போகப் போக ஜல்லி இறுகும். அளந்து பார்த்து, அடுத்த வேகம். "மாப்ளே, இந்தக் கார்டுக்கும் காஷன் ஆர்டர்தான்" என்றேன்.

அவர் அதில் போன் பில்லும் கியாஸ் சிலிண்டரும் ஸ்கூட்டர் பெட்ரோலும் மட்டும் போடுகிறார். வரம்பு 20,000 என்றாலும் 6,000-ஐத் தாண்டுவதில்லை. வரம்பில் முப்பது சதவிகிதத்துக்குள் செலவு நின்றால் நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மாதம் 12-ம் தேதி ஸ்டேட்மெண்ட் வரும், அடுத்த மாதம் 2-ம் தேதி கெடு. அவர் 14-ம் தேதியே முழுத் தொகையும் கட்டிவிடுவார். மறதிக்கு மருந்தாக, சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே முழுத் தொகையும் போகும்படியும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும், 'முழுத் தொகை', 'மினிமம்' என்று. நம் ஆட்களில் பாதிப் பேர் மினிமத்தில் டிக் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். 20,000 பாக்கிக்கு ஐந்து சதவிகித மினிமம் 1,000. அதில் ஒரு மாத வட்டி 700, வரி 126, மொத்தம் 826. கடனில் குறைவது 174 ரூபாய். அதோடு, பாக்கி வைத்த மாதத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்; 45 நாள், 50 நாள் வட்டியில்லை என்ற சலுகை பறந்துவிடும். கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்தாலோ முதல் நாளிலிருந்தே வட்டி, கூடவே கட்டணம். வட்டி அநியாயம் என்று கோர்ட்டுக்குப் போனால் என்ன என்று கேட்பீர்கள். வருடத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லத்தான் செய்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு பாங்கு மறுத்தால் வேகத்தில் ஐந்து பாங்குகளில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும், பணத்துக்கு அலைகிறார் என்று பாங்குக்காரர் நினைப்பார். நமது அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அடுத்தது, ஸ்டேஷன் பக்கம் கம்பங்களில் 'சிபில் சரி செய்து தரப்படும்' என்று போன் நம்பரோடு ஒட்டியிருப்பார்கள். தவறாகப் பதிந்ததைத் திருத்த நீங்களே புகார் செய்யலாம், காசு வேண்டாம். பாங்கு கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அதற்கும் காசு வேண்டாம். உண்மையாகப் பதிந்ததை அந்த நம்பர்காரரால் அழிக்க முடியாது. மைத்துனரே 5,000 ரூபாய் அப்படிக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

2025 ஜனவரியிலிருந்து பாங்குகள் மாதத்துக்கு இரண்டு முறை விவரம் அனுப்ப வேண்டியிருந்ததால், நல்லதும் கெட்டதும் சீக்கிரம் ஏறியது. அந்த மாதம் அவருடைய ஸ்கோர் 643. ஜூனில் 702. ஜூலையில் அதே பாங்குக்கு மறுபடி போனோம். மேலாளர் மாறியிருந்தார். பழைய தாமதக் கட்டங்களைப் பற்றிக் கேட்டார், ஊரடங்கு, கேண்டீன் எல்லாவற்றையும் மைத்துனரே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம், நான்காம் வருடக் கட்டணத்துக்குக் கடன் கிடைத்தது. வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன, பொங்கலுக்குள் மீட்டுவிடலாம் என்கிறார்.

இந்தக் கதையை வெளியே சொன்ன பிறகு நம் உறுப்பினர்கள் நாலைந்து பேர் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், அவரவர் கணக்கைச் சொன்னார்கள். என் அப்பா ஜவுளிக் கடையைக் காட்டியபோது பேசிய அதே குரல். அதனால் செயலாளரிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை சங்கத்து அறையில் ஒரு மேஜை போட ஏற்பாடு செய்திருக்கிறேன். உங்கள் அறிக்கையை அச்செடுத்துக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். கண்ணாடியைக் கொண்டு வாருங்கள், எழுத்து பொடியாக இருக்கும். கார்டையும் ஓ.டி.பி.யையும் மட்டும் என்னிடம் காட்டாதீர்கள்.